உங்களுக்குத் தெரியுமா? – நரம்பைப் போர்த்தியிருக்கும் செல்

கண்ணாடி கிழித்துக் கையில் நரம்பு அறுந்துபோனால் மருத்துவர் தைத்துவிடுகிறார். சில மாதங்களில் விரலுக்கு உணர்ச்சி திரும்பத் தொடங்குகிறது. தண்டுவடம் அறுந்தால் அப்படி நடப்பதில்லை. இரண்டு இடத்திலும் இருப்பவை நரம்பிழைகள்தான். அந்த இழைகளைச் சுற்றியிருக்கும் செல்தான் வேறு. கை கால்களில் ஓடும் நரம்புகளைப் போர்த்தியிருப்பது ஷ்வான் செல். நரம்பு என்றாலே எல்லோருக்கும் நியூரான்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வாரம் முழுப் பக்கமும் ஷ்வான் செல்லுக்கே.

பெயர் தந்தவர்

தியோடர் ஷ்வான் 1810-ல் ஜெர்மனியின் நாய்ஸ் நகரில் பிறந்தவர். தாவரங்களைப் போலவே விலங்குகளின் உடலும் செல்களால் ஆனது என்று அவர் நூல் எழுதி வெளியிட்டது 1839-ல். அப்போது அவருக்கு வயது 28. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே இரைப்பையில் புரதத்தைச் செரிக்கும் பெப்சினைக் கண்டுபிடித்திருந்தார். நரம்பிழையோடு ஒட்டிக் கிடக்கும் செல்களை அவர் விவரித்ததும் அந்த 1839 நூலில்தான்.

ஆனால் அந்தச் செல்கள் வரிசையாக நின்று ஒன்றோடொன்று இணைந்தே நரம்பிழை உருவாகிறது என்று ஷ்வான் நம்பினார். அது சரியல்ல என்று கண்ணால் காட்டியவர் அமெரிக்கரான ராஸ் ஹாரிசன். 1907-ல் தவளைக் கருவின் நரம்புத் திசுவை ஒரு சொட்டு நிணநீரில் வைத்து, நரம்பு செல்லிலிருந்தே இழை முளைத்து நீள்வதை நுண்ணோக்கியில் பார்த்தார். உடலுக்கு வெளியே திசு வளர்க்கும் இன்றைய முறைக்கெல்லாம் தொடக்கம் அந்தச் சொட்டுதான்.

நூறு சுற்று

நரம்பிழையின் மேல் வெண்மையாகத் தெரியும் கொழுப்பு உறைக்கு மையலின் என்று 1854-ல் பெயரிட்டவர் ருடால்ஃப் விர்ஹோ. அது எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த நூறு ஆண்டுகளுக்குப் புலப்படவில்லை. நரம்பிழையே சுரக்கிறது என்று சிலரும், வேறு ஏதோ பொருள் வந்து படிகிறது என்று சிலரும் வாதிட்டார்கள். 1954-ல் பெட்டி பென் ஜெரன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கோழிக் கருவின் நரம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார். அங்கே தெரிந்தது ஷ்வான் செல்லின் சொந்தச் சவ்வு. நரம்பிழையை நடுவில் வைத்துப் பாய் சுருட்டுவதுபோல அந்தச் செல் தன் சவ்வைச் சுற்றிச் சுற்றி இறுக்கியிருந்தது. தடித்த இழைகளில் இந்தச் சுற்று நூறு வரை போகும். சுற்றச் சுற்ற அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் செல் நீர்மம் வெளியே பிதுக்கப்பட்டு, கொழுப்பும் கொஞ்சம் புரதமும் மட்டும் மிஞ்சுகின்றன. மையலினின் உலர் எடையில் முக்கால் பங்குக்கு அருகில் கொழுப்பு.

ஒரு ஷ்வான் செல் ஒரே ஓர் இழையின் ஒரே ஒரு துண்டைத்தான் போர்த்தும். அந்தத் துண்டின் நீளம் அதிகபட்சம் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். இடுப்பருகே தண்டுவடத்திலிருந்து கால் கட்டைவிரல் வரை போகும் ஓர் இழையை மூடவே ஆயிரம் ஷ்வான் செல்கள் வரை வரிசையில் நிற்க வேண்டும். மூளையிலும் தண்டுவடத்திலும் இதே வேலையைச் செய்யும் ஒலிகோடெண்ட்ரோசைட், பல கைகளை நீட்டிப் பல இழைகளை ஒரே சமயத்தில் போர்த்துகிறது. கைகால் நரம்புகளில் ஒரு செல்லுக்கு ஓரிடம்தான். அடிபட்ட பிறகு இந்தச் செல் என்ன செய்கிறது என்பதைக் கீழே பார்க்கலாம்.

எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை ஷ்வான் செல் தானாக முடிவு செய்வதில்லை. நரம்பிழையின் மேற்பரப்பில் இருக்கும் நியூரெகுலின்-1 என்ற புரதமே அளவு சொல்கிறது. அது கூடினால் உறை தடிக்கிறது, குறைந்தால் மெலிகிறது. எலிகளில் இதை 2004-ல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஒரு மைக்ரானுக்கும் மெலிந்த இழைகளுக்கு மையலின் கிடையாது. அவற்றையும் ஷ்வான் செல் கைவிடுவதில்லை: பல இழைகளைச் சேர்த்துத் தன் உடலின் மடிப்புகளுக்குள் தனித்தனியாகப் பதித்து வைத்துக்கொள்கிறது. அடிபட்ட பின் நெடுநேரம் நீடிக்கும் மந்தமான வலியைச் சுமப்பவை பெரும்பாலும் இந்த இழைகள்தான். இவற்றை 1830-களில் விவரித்த ராபர்ட் ரெமாக்கின் பெயரால் இச்செல்களுக்கு ரெமாக் செல் என்று பெயர்.

தாவும் செய்தி

நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை மனிதனால் அளக்கவே முடியாது என்று கருதியவர் பெர்லினின் பெரிய உடலியலாளர் யோஹன்னஸ் மில்லர். ஷ்வான் அவருடைய மாணவர். வேகத்தை அளந்து காட்டிய ஹெல்ம்ஹோல்ட்ஸும் அவருடைய மாணவர்தான்! 1850-ல் தவளையின் கால் நரம்பில் அவர் கண்டது வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர்.

மனிதனின் தடித்த மையலின் இழைகளில் வினாடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். மையலின் இல்லாத மெல்லிய இழையில் அதே செய்தி வினாடிக்கு ஒன்று அல்லது இரண்டு மீட்டர் நகர்ந்தாலே அதிகம். சுவரில் கால்விரல் இடித்தால் முதலில் சுரீரென்றும், ஒரு நொடி கழித்து விண்ணென்றும் வலிப்பது இதனால்தான். இரண்டு வலியும் ஒரே இடியில் ஒரே கணத்தில் புறப்பட்டவை.

வேகத்தின் ரகசியம் இடைவெளியில் இருக்கிறது. ஒரு ஷ்வான் செல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அளவுக்கு இழை திறந்து கிடக்கும். 1870-களில் பிரான்ஸின் லூயி ரான்வியர் கண்ட கணுக்கள் இவை. சோடியம் அயனி புகும் வாசல்கள் எல்லாம் அங்கே குவிந்திருக்கின்றன. மின்துடிப்பு கணுவிலிருந்து கணுவுக்குப் பாய்கிறது. ஜப்பானின் இச்சிஜி தசாகி 1930-களின் இறுதியில் தேரையின் நரம்பிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்தெடுத்து இதைச் சோதித்துக் காட்டினார்.

பல் பிடுங்குமுன் மருத்துவர் போடும் மரப்பு ஊசி வேலை செய்வதும் இந்தக் கணுக்களில்தான். ஒரு கணுவை மட்டும் அடைத்தால் போதாது, துடிப்பு அதைத் தாண்டிக் குதித்துவிடும். அடுத்தடுத்து இரண்டு மூன்று கணுக்களாவது அடைபட வேண்டும். மருந்து பரவும்வரை காத்திருக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணவாய் மீனின் ராட்சத நரம்பிழை அரை மில்லிமீட்டர் தடிமன். வெறும் கண்ணுக்கே தெரியும். தவளையின் மையலின் இழை அதில் நாற்பதில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. இரண்டிலும் செய்தியின் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான், வினாடிக்குச் சுமார் 25 மீட்டர். முதுகெலும்புள்ள உயிர்களின் உடலில் இத்தனை ஆயிரம் நரம்பிழைகளை ஒடுக்கமான இடத்தில் அடைக்க முடிந்தது மையலினால்தான். முதுகெலும்புள்ளவற்றிலும் விதிவிலக்கு உண்டு: தாடையில்லாத மீனான லாம்ப்ரேக்கு இன்றும் மையலின் கிடையாது.

பிறந்த குழந்தையின் கை நரம்பில் செய்தி ஓடும் வேகம் பெரியவர்களுடையதில் பாதிதான். ஷ்வான் செல்கள் தாயின் வயிற்றிலேயே வேலையைத் தொடங்கினாலும் மூன்று முதல் ஐந்து வயதுக்குள்தான் வேகம் பெரியவர்களுடையதை எட்டுகிறது.

அறுந்த பின்

நரம்பு அறுந்த மறுநாள், வெட்டுக்குக் கீழே இருக்கும் பகுதிக்கு மின்தூண்டல் கொடுத்தால் தசை வழக்கம்போலத் துடிக்கும்! மூளையோடு தொடர்பு அறுந்துவிட்டது அந்தத் துண்டுக்கு இன்னும் தெரியாது. மனிதரில் ஒரு வாரத்துக்குள் அது அடங்கிவிடும். நரம்பு வேகப் பரிசோதனையை விபத்து நடந்த உடனே செய்யாமல் இரண்டு மூன்று வாரம் கழித்து வரச் சொல்வது இதற்காகத்தான்.

வெட்டுக்குக் கீழே உள்ள பகுதி சிதைந்து போவதை 1850-ல் தவளையின் நாக்கு நரம்புகளில் முதலில் விவரித்தவர் ஆங்கிலேய மருத்துவர் அகஸ்டஸ் வாலர். சோறு தண்ணீர் இல்லாமல் வாடுவதுபோல இழை தானாகச் சாகிறது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1989-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு விசித்திர எலி இனத்தைக் கண்டார்கள். அதன் நரம்பை வெட்டினால் இரண்டு நாளில் சிதைய வேண்டிய துண்டு இரண்டு வாரத்துக்கும் மேல் உயிரோடு கிடந்தது. அப்படியானால் சிதைவு தானாக வருவதல்ல, இழைக்குள்ளேயே அதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. அந்தக் கட்டளையை நிறைவேற்றும் சார்ம்-1 என்ற புரதம் 2012-ல் அடையாளம் காணப்பட்டது. அதைத் தடுக்கும் மருந்துகளைத் தேடும் வேலை இப்போது மும்முரமாக நடக்கிறது.

இனி ஷ்வான் செல்லைப் பாருங்கள். போர்த்துவதற்கு இழை இல்லை. அது செத்துப்போவதும் இல்லை, சும்மா கிடப்பதும் இல்லை. தன் தொழிலையே மாற்றிக்கொள்கிறது. மையலின் செய்யும் மரபணுக்கள் அணைகின்றன. சி-ஜூன் என்ற மரபணுக் கட்டுப்பாட்டுப் புரதம் விழித்துக்கொள்கிறது. தான் பல நாள் செலவிட்டுச் சுற்றிய மையலினைத் தானே உடைத்து உள்ளே இழுத்துச் செரிக்கிறது. மிச்சத்தை அள்ள மேக்ரோபேஜ் எனும் விழுங்கு செல்களைக் கூப்பிடுகிறது. பெருகுகிறது, இரண்டு மூன்று மடங்கு நீள்கிறது, அடுத்த ஷ்வான் செல்லோடு கைகோத்து, பழைய உறைக்குழாய்க்குள்ளேயே நீண்ட வரிசையாகப் படுத்துக்கொள்கிறது. இந்த வரிசைகளுக்குப் பியூங்னர் பட்டைகள் என்று பெயர். பியூங்னர் இவற்றை விவரித்த ஆண்டு 1891. வரப்போகும் புதிய இழைக்கான வழி இதுதான். நரம்பு வளர்ச்சிக் காரணியையும் இந்தச் செல்களே சுரந்து வைக்கின்றன. அது உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ரீட்டா லெவி-மொன்டால்சினியும் ஸ்டான்லி கோஹனும் 1986-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கிறிஸ்ட்யான் ஜெசன், ரோனா மிர்ஸ்கி குழுவினர் ஷ்வான் செல்லில் மட்டும் சி-ஜூன் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அடிபடாதவரை அவற்றின் நரம்பில் குறையே தெரியவில்லை. நரம்பை நசுக்கியதும் வித்தியாசம் வெளிப்பட்டது: மீட்சி மோசமாகத் தடைபட்டது, அடிபட்ட நரம்பு செல்களில் பலவும் செத்தன. முதிர்ந்த ஒரு செல் தன் அடையாளத்தைக் கலைத்து, வேறொரு வேலைக்கு ஆளாகி, வேலை முடிந்ததும் பழைய தொழிலுக்கே திரும்புகிறது. மனித உடலில் இப்படிச் செய்யும் செல்கள் மிகச் சில. இந்தச் செல்லின் திறமைகளில் எனக்கு மிக வியப்பளிப்பது இதுதான்.

முழுதாக அறுந்த நரம்பில் இரண்டு முனைக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். அங்கே குழாயும் இல்லை, பட்டையும் இல்லை. அதைத் தாண்டுவது எப்படி? 2015-ல் அதே கல்லூரியின் ஆலிசன் லாய்டு குழு விடை சொன்னது. இடைவெளியில் நிரம்பும் புதுத் திசுவில் ஆக்சிஜன் குறைவு. அதை உணரும் விழுங்கு செல்கள் ரத்தக்குழாயை வளர்க்கும் சமிக்ஞையை வெளியிடுகின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நுண்ணிய ரத்தக்குழாய்கள் நீள்கின்றன. ஷ்வான் செல்கள் அந்தக் குழாய்களைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து போகின்றன, நரம்பிழைகளைக் கூடவே இழுத்துக்கொண்டு.

தன் கையையே வெட்டிக்கொண்ட மருத்துவர்

1903 ஏப்ரலில் லண்டன் நரம்பியல் மருத்துவர் ஹென்றி ஹெட் தம் இடது முழங்கையருகே தோலுக்கு உணர்ச்சி தரும் இரண்டு நரம்புகளை அறுவை செய்து வெட்டச் சொன்னார்; முனைகள் பட்டு நூலால் தைக்கப்பட்டன. நோயாளிகள் தங்கள் உணர்ச்சி திரும்புவதைச் சரியாக விவரிப்பதில்லை என்பது அவருடைய குறை. அதனால் தம் கையையே சோதனைக்குக் கொடுத்தார். வார இறுதிகளில் கேம்பிரிட்ஜ் சென்று, செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் நண்பர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸின் அறையில் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்வார். ரிவர்ஸ் ஊசியால் குத்துவார், பஞ்சால் வருடுவார், சூடும் குளிருமான குழாய்களை வைப்பார். எங்கே என்ன தெரிகிறது என்று குறித்துக்கொள்வார்.

சில வாரங்களில் குத்தும் வலி திரும்பியது. அது இயல்பான வலியாக இல்லை. எங்கே குத்துகிறது என்று சரியாகச் சொல்ல முடியாமல் பரவி, பொறுக்க முடியாத அருவருப்போடு வந்தது. பஞ்சின் வருடலும் இடம் சுட்டும் திறனும் திரும்ப ஓர் ஆண்டுக்கும் மேலாகியது. நான்கு ஆண்டுக் குறிப்புகள் 1908-ல் கட்டுரையாக வந்தன. இரு வகை உணர்ச்சி மண்டலங்கள் உண்டு என்று அவர்கள் அதிலிருந்து வகுத்த கோட்பாடு பின்னாளில் நிற்கவில்லை. ஆனால் வளர்ந்து வரும் நரம்பு உள்ளிருந்து எப்படித் தெரியும் என்பதற்கு அதுபோன்ற பதிவு வேறு இல்லை.

தைத்த நரம்பு வளர்கிறதா என்று பார்க்க ஸ்கேன் தேவையில்லை, ஒரு விரல் போதும். நரம்பின் பாதை நெடுக விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். ஓரிடத்தில் கைவிரலுக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல ஜிவ்வென்று இழுக்கும். இளம் இழையின் முனை அங்கேதான் இருக்கிறது. அதற்கு இன்னும் மையலின் போர்த்தப்படாததால் தட்டினாலே சிலிர்க்கிறது. அடுத்த மாதம் அந்த இடம் இரண்டரை செ.மீ. கீழே நகர்ந்திருந்தால் நல்ல சேதி. பிரான்ஸின் ஜூல் டினெலும் ஜெர்மனியின் பால் ஹாஃப்மனும் இதை 1915-ல் தனித்தனியாக எழுதினார்கள். அப்போது இரு நாடுகளும் போரில் இருந்தன. இருவர் முன்னும் குண்டடிபட்ட நரம்புகளோடு வீரர்கள் குவிந்திருந்தார்கள்.

மீண்டு வந்த இழையில் மையலின் துண்டுகள் பழையதைவிடக் குட்டையாகவும் மெலிந்தும் இருக்கும். வேகம் முழுதாகப் பழைய அளவைத் தொடுவதில்லை.

தொழுநோயும் குளிர்ந்த நரம்பும்

தொழுநோய்க் கிருமிக்கு மனித உடலில் மிகப் பிடித்த வீடு ஷ்வான் செல். 1873-ல் நார்வேயின் ஹான்சன் கண்ட இந்தக் கிருமி ஒருமுறை இரட்டிப்பாகவே பன்னிரண்டு பதினான்கு நாள் எடுத்துக்கொள்ளும். சோதனைக்கூடத்தின் செயற்கை ஊடகத்தில் இன்றுவரை வளர்க்க முடியவில்லை. உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்பும். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஜிவ்வென்று இழுக்குமே, அந்த அல்நார் நரம்பு தோலுக்கு மிக அருகே ஓடுவதால் குளிர்ந்திருக்கிறது. கிருமி அங்கே குடியேறுகிறது, நரம்பு தடிக்கிறது, தடவினால் கைக்குத் தட்டுப்படும். கழுத்தின் பக்கவாட்டிலும் முழங்காலுக்கு வெளிப்புறத்திலும் உள்ள நரம்புகளையும் மருத்துவர் தடவிப் பார்ப்பது இதற்காகத்தான்.

ஷ்வான் செல்லைச் சுற்றியுள்ள லாமினின் என்ற புரதத்தையும் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியையும் பிடித்துக்கொண்டுதான் கிருமி உள்ளே நுழைகிறது என்று அனுர ரம்புக்கன 1990-களின் இறுதியில் காட்டினார். 2013-ல் எடின்பரோவில் அவருடைய குழு கண்டது இன்னும் திகைக்க வைப்பது. ஷ்வான் செல் தொழில் மாறும் அதே இளகும் தன்மையைக் கிருமி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. எலிகளின் ஷ்வான் செல்லைக் குருத்தணு போன்ற நிலைக்குத் தள்ளி, அதன் மேலேறி வேறு திசுக்களுக்குப் பரவுகிறது.

இந்த நோயின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்குப் பெரிய இடம் உண்டு. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்கு 1914-ல் பிறந்த பால் பிராண்ட், அறுவை மருத்துவராகி 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கும்போது, விரல்கள் மடங்கிக் கொக்கிபோலாகிவிட்ட ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலுவே இருக்காது என்று எதிர்பார்த்தவருக்குக் கை நொறுங்கும்போல இருந்தது. அப்படியானால் முன்கையின் தசைகள் நன்றாக இருக்கின்றன! அவற்றுக்குப் போகும் நரம்பு ஆழத்தில், சூட்டில் இருப்பதால் கிருமி அதை அண்டவில்லை. நல்ல தசையின் தசைநாரை எடுத்து விரலுக்கு மாற்றி இணைக்கும் அறுவை சிகிச்சையை வேலூரில் அவர் வளர்த்தெடுத்தார். ஆயிரக்கணக்கானோரின் கை மறுபடி விரிந்தது.

தொழுநோயில் விரல் அழுகி உதிர்வதில்லை என்பதையும் அவர்தான் உலகுக்கு அழுத்தமாகச் சொன்னார். வலி தெரியாததால் சுடுபாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், புண்ணோடு நடக்கிறார்கள், காயம் விரலைத் தின்கிறது. சிலருக்கு இரவில் விரலின் ஒரு பகுதியே காணாமல் போனது. விழித்திருந்து பார்த்தபோது எலி கடித்துக்கொண்டிருந்தது, தூங்குபவருக்குத் தெரியவே இல்லை. அதன்பின் வீடு திரும்புவோருக்குப் பூனை கொடுத்தனுப்பினார்கள்.

உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியாவில்தான் இருக்கிறார்கள். உணர்ச்சியற்ற வெளிர்ந்த படை எங்கே தெரிந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டலாம். கூட்டு மருந்து இலவசம். மருந்து கிருமியைக் கொல்லும், அழிந்த நரம்பை மீட்காது. அதனால்தான் சீக்கிரம் போக வேண்டும் என்று இத்தனை வலியுறுத்துகிறேன்.

உடலே உறையைக் கிழித்தால்

2025 ஜனவரியில் புனேயில் கியாங்-பாரே நோய் திடீரென்று பெருகியது நினைவிருக்கும். 1916-ல் பிரெஞ்சு ராணுவ மருத்துவர்கள் விவரித்த நோய் இது. பெரும்பாலும் வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து ஓய்ந்த பிறகு, கிருமியை அடிக்க எழுந்த நோய் எதிர்ப்பு மண்டலம் நரம்பைத் தாக்கத் தொடங்கும். அதன் பரவலான வகையில் விழுங்கு செல்கள் மையலினை அடுக்கடுக்காக உரித்தெடுக்கின்றன. காலில் தொடங்கும் தளர்ச்சி மேலே ஏறி மூச்சுவரை போகலாம். அத்தனைக்குப் பிறகும் பெரும்பாலானோர் எழுந்து நடக்கிறார்கள். இழை தப்பியிருந்தால் ஷ்வான் செல்கள் பெருகி மறுபடி போர்த்திவிடுகின்றன.

17-ஆம் குரோமோசோமில் பி.எம்.பி.22 என்று ஒரு மரபணு. ஷ்வான் செல்லின் மையலினில் இருக்கும் ஒரு சிறு புரதத்துக்கான குறிப்பு அதில் இருக்கிறது. அதன் படி ஒன்று கூடினால் சார்கோ-மாரி-டூத் நோய்: பாதம் வளைந்து, கணுக்கால் மெலிந்து, நடை தடுமாறும். ஒன்று குறைந்தால் வேறு தொல்லை: கால் மேல் கால் போட்டுச் சற்று நேரம் உட்கார்ந்தாலே பாதம் நாள்கணக்கில் தூக்க வராமல் தொங்கும். அளவு கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

வேறு வேலைகள்

தோலுக்கடியில் கிளை விரித்திருக்கும் ஒருவகை ஷ்வான் செல்கள் குத்தும் வலியைத் தாமே உணர்ந்து நரம்புக்குச் சொல்கின்றன. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனம் 2019-ல் எலிகளில் கண்டது இது. வலியை நரம்பு முனை மட்டுமே உணரும் என்ற நூற்றாண்டுப் பாடம் அன்றோடு திருத்தப்பட்டது.

கருவில் நரம்போடு ஒட்டிப் பயணம் செய்யும் இளம் ஷ்வான் செல்களில் சில, வழியில் இறங்கித் தோலுக்கு நிறம் தரும் செல்களாகின்றன. சில அட்ரினலின் சுரக்கும் செல்களாகின்றன.

எலியின் விரல் நுனி துண்டானால் திரும்ப முளைக்கும். அந்த இடத்துக்கு வரும் நரம்பை நீக்கினால் முளைப்பது குன்றிவிடும். ஷ்வான் செல் வகையறா சுரக்கும் இரண்டு புரதங்கள் அங்கே தேவை என்று 2016-ல் தெரியவந்தது.

தண்டுவடத்தில் ஏன் முடியவில்லை?

மாட்ரிட்டில் நரம்பியல் ஆய்வாளர் காஹாலின் மாணவர் ஃபிரான்சிஸ்கோ டெயோ 1911-ல் முயலின் மூளைக்குள் கால் நரம்பின் துண்டை வைத்தார்; மூளையின் இழைகள் அதற்குள் வளர்வதைக் கண்டார். பலர் நம்பவில்லை. எழுபது ஆண்டு கழித்து மான்ட்ரியலின் ஆல்பர்ட் அகுவாயோ எலிகளில் அதை ஐயத்துக்கிடமின்றி நிறுவினார். மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே கால் நரம்பைப் பாலமாக வைத்தால், வளரவே வளராது என்று கருதப்பட்ட இழைகள் சுமார் 3 செ.மீ. வளர்ந்தன. பாலத்தின் மறுமுனையில் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றன. அங்கே ஷ்வான் செல் இல்லை. இருக்கும் மையலினோ வளர்ச்சியைத் தடுக்கும் புரதங்களைக் கொண்டது என்று ஸ்விட்சர்லாந்தின் மார்ட்டின் ஷ்வாப் 1988-ல் காட்டினார்.

நோயாளியின் சொந்தக் கணுக்கால் நரம்பிலிருந்து ஷ்வான் செல்களை எடுத்துப் பெருக்கி, அடிபட்ட தண்டுவடத்தில் செலுத்தும் முதல்கட்டச் சோதனைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் மயாமி ஆய்வாளர்களுக்கு அனுமதி தந்தது. ஆறு பேருக்குச் செலுத்தி, பாதுகாப்பானதே என்று 2017-ல் அறிவித்தார்கள்.

நாள் கணக்கு

நரம்பிழை வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில். தோளிலிருந்து உள்ளங்கை வரை கணக்கிட்டுப் பாருங்கள்: ஓராண்டு தாண்டிவிடும். ஷ்வான் செல்லோ அதுவரை அதே உற்சாகத்தோடு காத்திருப்பதில்லை. மாதங்கள் செல்லச் செல்ல சி-ஜூன் தணிகிறது, செல்கள் சுருங்குகின்றன, பட்டைகள் கலைகின்றன. நரம்பில்லாத தசையும் ஒன்று ஒன்றரை ஆண்டில் மீளாத நிலைக்குப் போகிறது.

இந்தியாவில் தோள் நரம்புப் பின்னல் அறுந்து வருவோரில் பெரும்பாலோர் இருசக்கர வாகன விபத்தில் சிக்கிய இளைஞர்கள். கை தொங்குகிறதே, எண்ணெய் தடவி நீவினால் சரியாகும் என்று ஆறு மாதம் போக்கிவிட்டு வருகிறவர்களைப் பற்றி அறுவை மருத்துவர்கள் வேதனையோடு சொல்வதுண்டு. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் அறுவை செய்தால்தான் பலன் அதிகம்.

தூரத்தைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. பிரான்ஸின் கிறிஸ்டோஃப் ஒபெர்லின் 1994-ல் வெளியிட்டது அது. கைக்குப் போகும் நல்ல அல்நார் நரம்பிலிருந்து ஒரே ஓர் இழைக்கற்றையைப் பிரித்து, புஜத்தில் பைசெப்ஸ் தசைக்கு மிக அருகே அதன் செயலிழந்த நரம்போடு தைத்துவிடுகிறார்கள். புதிய இழைகள் கடக்க வேண்டியது சில சென்டிமீட்டர்தான், அங்கே ஷ்வான் செல்கள் இன்னும் தயாராக இருக்கின்றன. சில மாதங்களில் தசை துடிக்கத் தொடங்கும். ஆனால் முழங்கையை மடக்கு என்று நினைத்தால் மடங்காது. அந்தக் கற்றை முன்பு மணிக்கட்டை மடக்கும் தசைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் பயிற்சியாளர், "மணிக்கட்டை மடக்கி விரலை இறுக்குங்க" என்பார். அப்படிச் செய்ததும் முழங்கை எழும்பும். மாதக்கணக்கில் பழகிய பிறகு மூளை புது இணைப்பைக் கற்றுக்கொள்கிறது, பிறகு முழங்கையை நினைத்தாலே முழங்கை மடங்குகிறது.